நோயாளியின் ஒப்புதல் பிறந்த கதை

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் காலையில் வந்து இறங்குகிறவர்களின் பைகளைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். ஸ்கேன் சென்டர் பெயர் அச்சடித்த நீளக் கவர் என்றால் எக்ஸ்ரேயோ சிடியோ. ஜவுளிக்கடைப் பைக்குள் சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட நோட்டு என்றால் சர்க்கரை அல்லது பிரஷர். பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைலில் தேதி வரிசையாக அடுக்கியிருந்தால் வீட்டில் கல்லூரி முடித்த பிள்ளை ஒன்று இருக்கிறது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு, வள்ளியூர் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பை இல்லாமல் வருகிறவர் குறைவு. அந்தப் பை மடியில்தான் இருக்கும். பஸ்ஸில் இடமே இல்லாவிட்டாலும் மேலே தூக்கிப் போடமாட்டார்கள்.

ஓபி வரிசையில் உட்கார்ந்த பிறகு நடப்பதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முறை நெருங்க நெருங்கப் பை திறக்கும். ஒரு சீட்டு மேலே வரும், ஒன்று அடியில் போகும். வண்ணார்பேட்டையில் பார்த்த தனியார் டாக்டரின் சீட்டு மடித்து மணிபர்சுக்குள் போய்விடும். அங்கே எதற்குப் போனாய் என்று கேட்டுவிட்டால்? முட்டிவலிக்குப் பொடி வாங்கிச் சாப்பிட்ட துண்டுச் சீட்டு வெளியே வரவே வராது. பழைய ரிப்போர்ட் ஒன்றை மட்டும் கையில் தனியே பிடித்துக்கொண்டு, கேட்டால் காட்டலாம், கேட்காவிட்டால் வேண்டாம் என்ற முடிவோடு உள்ளே போவார்கள். எந்த டாக்டருக்கு எந்தத் தாளைக் காட்டுவது, எப்போது காட்டுவது என்பதை அந்த வரிசையில் இருக்கிற ஒவ்வொருவரும் தாமே தீர்மானிக்கிறார்கள். அவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

2020-ல் இந்திய அரசு இதே தீர்மானத்துக்கு மின்னணு வடிவம் ஒன்றைக் கொடுத்தது. 14 இலக்கத்தில் ஒரு எண். அந்த எண்ணோடு சேர்ந்த கோப்பை யாருக்குத் திறப்பது என்பதற்கு நோயாளியின் ஒப்புதல். ஆபா என்று இப்போது ஆஸ்பத்திரிகளில் சொல்கிறார்களே, அதுதான். அந்த ஒப்புதல் பிறந்த கதையை டெல்லியில் தொடங்கியும் சொல்லலாம். தாமிரபரணிக் கரையில் தொடங்கினால், நோயாளிகளும் டாக்டர்களும் அதற்கு முன்பே கோப்பைப் பற்றி என்னென்ன நினைத்துவைத்திருந்தார்கள் என்பதும் சேர்ந்து வரும்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியை நடத்தும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-ல் தொடங்கியபோது இன்றைய தூத்துக்குடியும் தென்காசியும் இதே மாவட்டத்துக்குள் இருந்தன. அவ்வளவு பெரிய நிலப்பரப்புக்கான அரசு ஆஸ்பத்திரியில் நோயாளியின் கோப்பு இரண்டாகப் பிரியும். வார்டில் சேர்ந்தவரின் கேஸ் ஷீட், அவர் வீட்டுக்குப் போன பிறகு ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடும். வெளிநோயாளியின் சீட்டோ அவர் கையோடு போய்விடும். யாரும் யோசித்து வகுத்த கொள்கை இல்லை இது. நாள்தோறும் வருகிற அத்தனை பேரின் தாளையும் அடுக்கிவைக்க இடமும் இல்லை, மறுமுறை வரும்போது தேடி எடுத்துத் தர ஆளும் இல்லை.

வசதியின்மையால் வந்த இந்தப் பழக்கத்துக்கு ஒரு மருத்துவ நியாயம் உண்டு என்பதை நைஜீரியாவில் காட்டியவர் டேவிட் மார்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர். 1950-களில் இமெசி என்ற கிராமத்தில் வேலை பார்த்த அவர், குழந்தையின் எடையைக் குறிக்கும் அட்டையை ஆஸ்பத்திரி அலமாரியில் வைக்காமல் தாயிடமே கொடுத்தார். தாய்மார் அதைத் தொலைக்கவில்லை. ஆஸ்பத்திரி அலமாரியைவிட அவர்கள் வீட்டில் அது பத்திரமாக இருந்தது. இன்று நம் அங்கன்வாடியிலும் தடுப்பூசி முகாமிலும் தாய் கையில் இருக்கிற அட்டை அந்த வழியில் வந்ததுதான். கோப்பை நோயாளி பத்திரமாக வைத்திருப்பாரா என்ற கேள்விக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் கையில் இருந்த தாளில் எழுதியிருந்தது என்ன என்பது வேறு விஷயம். காசநோய் என்று எந்த டாக்டரும் சீட்டில் பச்சையாக எழுதமாட்டார். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர் பெயரை வைத்துக் ‘கோக்ஸ்’ என்று எழுதுவார். புற்றுநோய் சந்தேகம் என்றால் ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் இரண்டெழுத்து. எச்ஐவிக்கும் இதைப்போல ஒரு சுருக்கம் உண்டு. டாக்டரின் கையெழுத்து புரியாததைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். அந்தப் புரியாத எழுத்துதான் பல வருஷமாக நோயாளியின் ரகசியத்தைக் காத்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரோ, மருமகளோ, சம்பந்தி வீட்டாரோ எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. அடுத்த டாக்டருக்கு மட்டும் விளங்கும். நோயாளிக்கே விளங்காது என்பது அதன் பெரிய குறை. தன் உடம்பைப் பற்றிய செய்தியைத் தானே சுமந்துபோய், அதைப் படிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுத்தார்கள் நம் ஆட்கள்.

மின்னணுக் கோப்பில் கோக்ஸ் கிடையாது. நுரையீரல் காசநோய் என்றால் ஐசிடி-10 பட்டியலில் ஏ15. அந்தக் குறியீட்டை எந்தக் கணினியில் திறந்தாலும் நோயின் முழுப்பெயர் எழுந்து நிற்கும். கோப்பு மின்னணுவாக மாறியதில் உண்மையில் மாறியது இதுதான். கையெழுத்து தந்த பாதுகாப்பு போன பிறகு அந்த இடத்தில் வேறொன்று வந்தாக வேண்டியிருந்தது.

டாக்டர்கள் தரப்பில் கதை வேறு விதமாக நடந்தது. 1995 நவம்பர் 13-ல் இந்திய மருத்துவ சங்கத்துக்கும் வி. பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில், கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் நேர்மாறாகச் சொல்லியிருந்தது. தீர்ப்பு வந்த பிறகு எழுதிய ஒவ்வொரு வரியும் நாளை சாட்சியாகும் என்று ஆனது. ஒரு சாரார் நிறைய எழுதினார்கள். இன்னொரு சாரார் குறைவாக எழுதி, எழுதியதையும் கொடுக்கத் தயங்கினார்கள்.

2002-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளை வெளியிட்டது. உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுப்பது நடத்தைக் குற்றம். கணினியில் ஏற்ற முயற்சி எடுக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இத்தனை வருஷமாகியும் நம் பகுதியில் டிஸ்சார்ஜ் சம்மரி என்ற ஒரு தாளோடு திருப்தியாகப் போகிறவர்கள்தான் அதிகம். கேஸ் ஷீட் நகல் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. கேட்டாலும், ‘கேஸ் போடப் போறியளா?’ என்ற கேள்விதான் முதலில் வரும்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரி ஓபியில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிஷம். அதற்குள் கேட்டு, தொட்டுப் பார்த்து, எழுதி அனுப்ப வேண்டும். அந்த அவசரத்தில் எழுதிய வரியை ஆற அமர ஒரு வக்கீலோ, வேறு ஊரில் இருக்கிற பெரிய டாக்டரோ படிப்பார் என்றால் யாருக்கும் கை தயங்கும். இதில் கணினியும் வந்தால் நோயாளியின் முகத்தைப் பார்க்கிற நேரமும் போய்விடும் என்று டாக்டர்கள் சொல்வதும் உண்மைதான். அதே டாக்டர்களுக்கு நோயாளியின் பை மீதும் கோபம் உண்டு. மணிபர்சுக்குள் போன அந்தச் சீட்டில் இருந்தது ஸ்டீராய்டு என்றால், ஏறிய சர்க்கரைக்குக் காரணம் தெரியாமல் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுவதை ஒரு பெண் மறைத்தால், மகளிர் டாக்டர் எழுதித் தருகிற கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. மறைக்கிற உரிமை நோயாளிக்கு உண்டு. மறைப்பதால் வரும் கேடும் அவர் உடம்பைத்தான் சேரும். இரண்டையும் ஒப்புக்கொள்ளாமல் இந்த விஷயத்தைப் பேசமுடியாது.

இந்த நிலையில்தான் எண்கள் வரத் தொடங்கின. கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய பிக்மி என்ற கணினி முறையைத் தமிழ்நாடு 2008-ல் கொண்டுவந்தது. கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போய்ப் பதிவார். 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். பின்னால் அந்த எண் இருந்தால்தான் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் என்று ஆயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் முதல் தவணையும் 12 வாரத்துக்குள் பதிந்தவர்களுக்குத்தான் என்று இருந்தது.

இங்கே ஊர் வழக்கம் குறுக்கே நின்றது. முழுகாமல் இருப்பதை மூன்று மாதம் கழியும்வரை அக்கம்பக்கத்தில் சொல்லமாட்டார்கள். கண் பட்டுவிடும் என்பது ஒரு காரணம். தங்காமல் போய்விட்டால் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ‘மூணு மாசம் கழியட்டும் நர்ஸம்மா, நானே வந்து சொல்லுதேன்’ என்று சொல்கிற பெண்ணிடம், ‘அதுக்குள்ள பதியலன்னா பணம் வராதும்மா’ என்று செவிலியர் சொல்ல வேண்டியிருக்கும். இதில் ஒப்புதல் எங்கே இருக்கிறது? உதவியைப் பெறப் பதிவு, சான்றிதழைப் பெறப் பதிவு. கேட்டுவிட்டுப் பதிகிறார்கள் என்பது உண்மை. மறுக்க இடமில்லை என்பதும் உண்மை.

ஆனாலும் அந்தப் பதிவின் பலனை மறுக்க முடியாது. 2018 முதல் 2020 வரையிலான கணக்கில், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் மரணம் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. ரத்தசோகை உள்ளவர், பிரஷர் ஏறுகிறவர் யார் யார் என்று செவிலியருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பது இதற்கான காரணங்களில் ஒன்று. பகிர்ந்த கோப்பு உயிரைக் காக்கும். அதை நம்புகிறேன். அதனால்தான், கரு கலைந்த பெண்ணின் வரியும் கலைத்துக்கொண்ட பெண்ணின் வரியும் அந்தப் பட்டியலில் யார் கண்ணுக்குப் படும் என்ற கேள்வியும் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கருக்கலைப்புச் செய்த பெண்ணின் பெயரை வெளியிட்டால் ஒரு வருஷம் வரை சிறை என்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. அப்படி ஒரு திருத்தம் தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்தது காசநோய். 2012 மே மாதம் அதை அறிவிக்க வேண்டிய நோயாக அரசு ஆக்கியது. அதே வருஷம் நிக்ஷய் என்ற இணையப் பதிவேடு வந்தது. தனியார் டாக்டர்களும் தங்களிடம் வருகிற ஒவ்வொரு காசநோயாளியையும் அதில் பதிய வேண்டும். பலர் பதியவில்லை. நோயாளி என்னை நம்பி வந்தார், பெயரையும் விலாசத்தையும் நான் அரசிடம் கொடுத்தால் நாளைக்கே ஊழியர் ஒருவர் அவர் வீட்டு வாசலில் நிற்பார், பிறகு அவர் என்னிடம் வருவாரா என்றார்கள். 2018-ல் பதியாதவர்களுக்குத் தண்டனையும், பதிகிறவர்களுக்கு ஊக்கத்தொகையும், நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயும் என்று எல்லாம் சேர்ந்து வந்த பிறகே எண்ணிக்கை கூடியது.

முக்கூடல் பக்கம் போனால் இதன் பொருள் புரியும். தாமிரபரணிக் கரையில் பீடி சுற்றும் ஊர் அது. பீடித் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு நடத்தும் ஆஸ்பத்திரியே அங்கு இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் மடியில் தட்டை வைத்துப் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். பதிவு என்றால் என்ன என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாஸ் புக்கில் பெயர் ஏறியிருந்தால்தான் பிஎஃப், தொழிலாளர் அடையாள அட்டை, ஆஸ்பத்திரி எல்லாம். பெயர் ஏறாமல் வேறொருத்தி பெயரில் சுற்றிக் கொடுக்கிறவளுக்கு எதுவும் இல்லை. அதனால் பெயர் பதியப்படுவதைக் கண்டு அவர்கள் பயப்படுவதில்லை. பாஸ் புக்கைத் தாங்களே கேட்டு வாங்குகிறவர்கள். பயப்படுவது ஒரு குறிப்பிட்ட பட்டியலில் பெயர் வருவதற்கு. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு டிபி என்றால் ஆறு மாத மாத்திரையில் உடம்பு தேறிவிடும். வாசலில் வந்து நின்ற வண்டியைத் தெரு மறக்க இன்னும் நாளாகும். ‘மாத்திரைய நான் வந்து வாங்கிக்கிடுதேன், வீட்டுக்கு மட்டும் வந்திராதிய’ என்பதுதான் அவர்கள் வைக்கிற நிபந்தனை. மறைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது என்று ஒரு கோடு போடுகிறார்கள். சட்டமும் தொழில்நுட்பமும் அதே கோட்டுக்கு வந்து சேர இன்னும் சில வருஷம் ஆயிற்று.

நீதிமன்றத்தில் அந்தக் கோடு முதலில் அழிந்துதான் போனது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தவருக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. செய்தி வெளியே போய்க் கல்யாணம் நின்றது. அவர் தொடுத்த வழக்கில், மணக்கவிருந்த பெண்ணின் உயிர் பெரிது, ரகசியம் மீறப்பட்டது என்று சொல்ல முடியாது என 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் அவருக்குப் பெயர் எக்ஸ், மருத்துவமனைக்குப் பெயர் இசட். எச்ஐவி உள்ளவரின் நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்ற தனிச்சட்டம் 2017-ல் வந்து, 2018 செப்டம்பரில் அமலானது. 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. அதற்குப் பிறகு எந்த அரசும் ஒப்புதல் என்ற சொல் இல்லாமல் தேசிய அளவில் மருத்துவக் கோப்புத் திட்டம் போட முடியாது என்று ஆகிவிட்டது.

அப்படி ஒரு திட்டத்துக்கு 2018-ல் நிதி ஆயோக் ஒரு வரைவை வெளியிட்டது. 2019-ல் ஜே. சத்யநாராயணா குழு தேசிய மின்னணு சுகாதார வரைபடத்தைத் தந்தது. 2020 ஆகஸ்ட் 15-ல் செங்கோட்டையிலிருந்து பிரதமர் திட்டத்தை அறிவித்தார். முதலில் தொடங்கிய ஆறு யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதற்கும் விரிந்தது. தகவல் மேலாண்மைக் கொள்கையின் வரைவு 2020 ஆகஸ்ட் இறுதியில் வந்தபோது, மக்கள் கருத்துச் சொல்ல முதலில் ஒரு வாரம்தான் கொடுத்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு செப்டம்பர் 21 வரை நீட்டினார்கள். கொரோனா முதல் அலை உச்சத்தில் இருந்த மாதம் அது.

அந்தக் கொள்கையில் பிறந்த ஒப்புதல் நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். கோப்புகளெல்லாம் டெல்லியில் ஒரே இடத்தில் குவிவதில்லை. உருவான ஆஸ்பத்திரியிலேயே, லேபிலேயே இருக்கும். பாளையில் இருக்கிற ஒரு டாக்டர், அம்பை ஆஸ்பத்திரியில் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்க்க விரும்பினால் கோரிக்கை அனுப்ப வேண்டும். எதற்காக, எந்த வகை ஆவணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள் பார்க்கலாம் என்று அதில் இருக்கும். நோயாளியின் போனுக்கு அது வரும். ஏற்கலாம், மறுக்கலாம், சிலதை மட்டும் கொடுக்கலாம், கொடுத்ததைப் பின்னால் நிறுத்தலாம். ஓபி வரிசையில் பையைத் திறந்து எதை மேலே வைப்பது, எதை அடியில் வைப்பது என்று நம் ஆட்கள் செய்கிற அதே காரியம். ஏட்டில் இருக்கிறபடி நடந்தால் இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

ஆனால் அந்த எண் மக்களிடம் வந்து சேர்ந்த வழி வேறு. ஆதாரைக் காட்டிக் கொரோனா தடுப்பூசி போட்ட பலருக்குச் சான்றிதழில் அது அச்சாகி வந்த பிறகுதான் அப்படி ஒரு எண் தங்களுக்கு இருப்பதே தெரிந்தது. 2022 அக்டோபரில் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து ஓபி சீட்டு வாங்கும் முறை வந்தது. வரிசையில் நிற்க வேண்டாம், டோக்கன் போனிலேயே வரும். எண் வேகமாகப் பரவியதற்கு இது ஒரு பெரிய காரணம். 2024 முடிவதற்குள் நாட்டில் 70 கோடியைத் தாண்டிவிட்டது. ஸ்கேன் செய்யும்போது போவது பெயர், வயது, விலாசம் போன்ற விவரங்கள்தான், பழைய ரிப்போர்ட்டுகள் அல்ல. இந்த வேறுபாட்டைக் கவுன்டரில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வெயிலில் நிற்கிற வயதானவரிடம் அனுமதிக்கிறீர்களா என்று போன் கேட்டால் அவர் அனுமதிக்கத்தான் செய்வார். அவருக்கு வேண்டியது சீட்டு.

அந்தப் போன் யாருடையது என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இருக்கிறது. ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். நம் கிராமங்களில் அறுபது தாண்டிய பெண்களில் பலருக்கு அந்த எண் மகனுடையது. மகன் சென்னையிலோ பம்பாயிலோ துபாயிலோ இருப்பார். கல்லிடைக்குறிச்சியில் இருக்கிற ஆச்சியின் கர்ப்பப்பை ஸ்கேனைத் திறக்கலாமா என்ற கேள்வி, ஆச்சியைத் தாண்டி மகன் கையில் இருக்கிற போனுக்குப் போகிறது. பையைச் சுமந்தபோது அந்தத் தீர்மானமாவது அவளிடம் இருந்தது. இளம் மனைவியின் எண் கணவனின் போனில் இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். கருத்தடை, மனநல சிகிச்சை, அடிபட்டதற்குப் போட்ட தையல் என்று அவள் எதை மறைக்க நினைக்கிறாளோ அதற்கான சாவி அவனிடம்தான் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. ‘டாக்டர், அப்பாட்ட மட்டும் சொல்லிராதிய, தாங்கமாட்டாவ’ என்று பிள்ளைகள் அறைக்கு வெளியே டாக்டரைப் பிடித்து நிறுத்துவார்கள். புற்றுநோய் வந்தவருக்கு அல்சர் என்று சொல்லியே கீமோவுக்குக் கூட்டிப் போவதும் நடக்கிறது. பாசத்தில் செய்வதுதான். டாக்டர்களும் பெரும்பாலும் உடன்படுகிறார்கள். அப்பாவிடமே ஸ்மார்ட்போன் இருந்து, அதில் பயாப்ஸி ரிப்போர்ட் வந்து விழுந்தால் என்ன செய்வது என்று டாக்டர்கள் கவலைப்படுகிறார்கள். என் எண்ணத்தில் அது அவருடைய ரிப்போர்ட். அவர் தெரிந்துகொள்ள விரும்பினால் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் போன் மூலமாக, தனியாக, ராத்திரி பத்து மணிக்கு அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. ரிப்போர்ட் போவதற்கு முன்னால் ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அந்த வேலையை எந்தக் கணினியும் டாக்டரின் தோளிலிருந்து இறக்காது.

டாக்டர்களின் மற்ற பயங்கள் எவ்வளவு தூரம் நிஜமாகின்றன என்பதை வேறு இடங்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் ஆகிய மூன்று இடங்களில் 105 டாக்டர்கள், தாங்கள் எழுதும் குறிப்பை அப்படியே நோயாளிகள் இணையத்தில் படிக்க ஒரு வருஷம் திறந்துவிட்டார்கள். ஓபன் நோட்ஸ் என்று அதற்குப் பெயர். நோயாளிகள் 13,000 பேருக்கும் மேல். தொடங்குவதற்கு முன் டாக்டர்களுக்கு இருந்த கவலைகள் நம் டாக்டர்கள் சொல்கிறவைதான்: நேரம் போகும், நோயாளி பயந்துபோவார், கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். வருஷ முடிவில், பதில் தந்த நோயாளிகளில் நூற்றுக்கு 99 பேர் இது தொடர வேண்டும் என்றார்கள். விலகிக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகும் ஒரு டாக்டர்கூட விலகவில்லை. படித்ததால் குழப்பமோ கவலையோ அடைந்தவர்கள் மிகச் சிலர். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறோம் என்று சொன்னவர்கள் பாதிக்கும் மேல். ஐந்தில் ஒருவர் முதல் ஐந்தில் இருவர் வரை அந்தக் குறிப்பை வீட்டாரிடமோ வேறு யாரிடமோ காட்டியிருந்தார்கள். ஸ்வீடனில் உப்சாலா மாவட்டம் 2012-ல் இதைச் செய்தபோதும் டாக்டர்கள் எதிர்த்தார்கள். பிறகு நாடு முழுக்கப் பரவியது.

அமெரிக்க நோயாளியும் அம்பை நோயாளியும் ஒன்றில்லை என்று சொல்லலாம். நம் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை திருநெல்வேலிக்கு 1988-ல் வந்தது. அதை உருவாக்கிய டாக்டர் வெங்கடசாமி எட்டையபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர். சிற்றூர்களில் அரவிந்த் நடத்தும் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைப் பரிசோதித்து, கண்டதைக் கணினியில் ஏற்றுவார். நகரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அதே கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு வீடியோவில் நோயாளியிடமே பேசுவார். இங்கே கோப்பு இரண்டு பேருக்கிடையே போகிறது. நோயாளி நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். தன்னைப் பற்றி என்ன போகிறது, யாருக்குப் போகிறது, எதற்குப் போகிறது என்று அவருக்குத் தெரிகிறது. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம் என்பதும் தெரிகிறது. படிக்காதவர்கள் மின்னணுக் கோப்புக்குத் தயங்குவார்கள் என்ற பேச்சு இங்கே எடுபடுவதில்லை.

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் டாக்டர்களுக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. மூன்று வருஷத்தில் ஆவணங்களை முழுக்க மின்னணுவாக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. பொதுப்பெயரில் மருந்து எழுதச் சொன்னதை முன்வைத்து எதிர்ப்பு வலுத்தது. அதே மாதத்தில் விதிகள் முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டு 2002 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. மின்னணுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதே ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். தகவல் கசிந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி வெறும் கற்பனை இல்லை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது அந்த மாபெரும் ஆஸ்பத்திரி கிட்டத்தட்ட இரண்டு வாரம் பேப்பரும் பேனாவுமாக நடந்தது.

ஒப்புதல் நம் ஊரில் முழுதாகப் பிறக்க வேண்டுமென்றால் செய்ய வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. ஓபி கவுன்டரில் எண்ணைக் கேட்கிறவர், இதில் இன்று என்ன போகிறது என்று தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஆபா எண் இல்லாதவருக்கும், வேண்டாம் என்றவருக்கும் அதே வரிசையில் அதே மரியாதையோடு சீட்டுக் கிடைக்க வேண்டும். இது விருப்பத்துக்குட்பட்டது என்றுதான் கொள்கையே சொல்கிறது. சொந்தப் போன் இல்லாதவரின் ஒப்புதலை, அவர் முன்னால் உட்கார்ந்து, அவர் வாயால் கேட்டுப் பெறுகிற வழி ஒன்று வேண்டும். கிராம சுகாதார செவிலியர்கள் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள். ஆச்சியை எப்படிக் கேட்க வேண்டும், மருமகள் இல்லாத நேரம் எது என்று அவர்களுக்குத் தெரியும்.

அதுவரைக்கும் 72 மணி நேர விதி கையில் இருக்கிறது. யாராவது வார்டில் இருந்து வீடு திரும்பியிருந்தால், ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவுக்கு ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதலாம். நோயாளியின் பெயர், ஐபி நம்பர், சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி, கேஸ் ஷீட்டும் எல்லா ரிப்போர்ட்டுகளும் நகல் வேண்டும் என்ற ஒரு வரி, நோயாளியின் கையெழுத்து அல்லது கைநாட்டு. வேறு யாராவது போய் வாங்குவதானால் அவருக்கு அனுமதி என்று இன்னொரு வரி. காரணம் எழுத வேண்டியதில்லை. மனுவின் இரண்டாம் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான சீலையும் தேதியையும் வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம். 72 மணி நேரம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.